மார்கழிப் பனி... மழலைக்கு எத்தனை சட்டை?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு வகைத் தாய்மார்களைப் பார்க்கலாம். காலை ஆறரை மணி. மண்டிப் பக்கம் லாரிகளில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். வாசலில் கோலமும் அதன் மேல் பூசணிப் பூவும் இருக்கும். ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். உள்ளே பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் கம்பளி ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா, காதில் பஞ்சு, கைக்கு உறை, காலுக்கு உறை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு டர்க்கி டவல். குழந்தையின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும்!

அடுத்த வீட்டுத் தாயின் இடுப்பில் இன்னொரு குழந்தை. வெறும் ஜட்டியும் கையில்லாத ஒரு சட்டையும்தான். “இதெல்லாம் ஒரு குளிராங்க? பழகட்டும், அப்பத்தான் உடம்பு உரமாகும்” என்பார்.

இரண்டு பேருக்கும் குழந்தை மேல் பாசம் ஒன்றுதான். ஆனால் முதல் குழந்தை பத்து மணிக்கு வேர்வையில் நனைந்து நசநசவென்று அழும். இரண்டாவது குழந்தை ஆறரை மணிக்கே தொடை சிலிர்த்து நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைப் பாட்டிமார்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். ஏனென்றால் பல வீடுகளில் குழந்தைக்கு எத்தனை சட்டை என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள்தானே!

நம் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது?

சித்த மருத்துவம் வருடத்தை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. அதில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். முன்பனியில் மாலை மங்கியதுமே பனி இறங்கத் தொடங்கும். பின்பனியில் முன்னிரவு சாதாரணமாக இருக்கும். பின்னிரவிலும் விடியலிலும்தான் குளிர் தெரியும். “பொங்கல் முடிஞ்சிடுச்சு, இனி ஸ்வெட்டரை மடிச்சு வைக்கலாம்” என்று நினைப்பவர்கள், மாசி மாத விடியலில் குழந்தை தும்முவதைப் பார்த்து ஆச்சரியப்படுவது இதனால்தான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழி, தை மாத விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். அதே நாள் பிற்பகலில் 30 டிகிரியைத் தொடும். அதாவது ஒரே பகலுக்குள் பத்து டிகிரிக்கு மேல் ஏற்ற இறக்கம்! காஷ்மீரிலோ நார்வேயிலோ காலையில் போட்ட கம்பளியைச் சாயங்காலம் வரை கழற்ற வேண்டியதில்லை. நமக்கு அப்படி இல்லை. காலை ஏழு மணிக்குத் தேவைப்படும் உடுப்பு, பதினோரு மணிக்குச் சுமை. சில நேரம் ஆபத்தும்கூட.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு, செம்மறி இனம்தான். ஆனால் அதன் உடம்பில் கம்பளி கிடையாது. குட்டையான முடி மட்டும்தான். இந்த மண்ணின் வெயிலுக்கு ஏற்ற உடுப்பை இயற்கையே அதற்குக் கொடுத்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் முழுநேரக் கம்பளி தேவையில்லை. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும்தான்.

குழந்தைக்கு ஏன் சீக்கிரம் குளிர்கிறது?

“எனக்கே குளிரலை, அவனுக்கு என்ன குளிர்?” என்று கேட்கும் அப்பாக்களுக்காக இந்தப் பகுதி.

சூடான பாலை அண்டாவில் வைத்தால் மெதுவாக ஆறும். அதே பாலைச் சின்னச் சங்கில் ஊற்றினால் நொடியில் ஆறிவிடும், இல்லையா? பாத்திரம் சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் பாலைவிட வெளிக்காற்று படும் பரப்பு விகிதத்தில் அதிகமாகிறது. குழந்தையின் உடம்பும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் இருக்கும் தோல் பரப்பு, பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சூடு வெளியேறும் வாசலும் அத்தனை பெரிது.

அடுத்தது தலை. பெரியவர்களின் உடல் பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒரு பகுதிக்கும் குறைவு. பச்சிளம் குழந்தைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான்! மொட்டைத் தலையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, நாம் குளிர்ந்தால் நடுங்குகிறோம். நடுக்கம் என்பது தசைகள் வேலை செய்து சூடு உண்டாக்குவது. பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. கழுத்து, தோள்பட்டை, முதுகுப் பக்கம் இருக்கும் பழுப்பு நிறக் கொழுப்பை எரித்துத்தான் சூடு தயாரிக்கும். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் போதிய அளவு இருக்காது. அதனால், “நடுங்கலையே, அப்போ குளிரலை” என்று பச்சைக் குழந்தை விஷயத்தில் முடிவு கட்டாதீர்கள்.

தடிமன் வேண்டாம், அடுக்கு வேண்டும்

உண்மையில் எந்தத் துணியும் சூட்டைக் கொடுப்பதில்லை. துணிகளுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கிற காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அதனால் ஒரே தடித்த கம்பளியைவிட, மெல்லிய இரண்டு மூன்று துணிகள் அடுக்கடுக்காக இருந்தால் நல்லது. முக்கியமான வசதி, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். இதோ நம் ஊருக்கு ஏற்ற அடுக்கு:

முதல் அடுக்கு: தோலை ஒட்டிப் பருத்தி. கழுத்து, அக்குள் இறுக்காத, பலமுறை துவைத்து மெத்தென்றான பனியன் துணி. திருப்பூர்க்காரர்கள் புண்ணியத்தில் இது எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய வேட்டியில் தைத்த சட்டையும் அருமையானது.

இரண்டாவது அடுக்கு: முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை. இதுவும் பருத்தியாகவே இருக்கட்டும். சமவெளியில் பெரும்பாலான காலைகளுக்கு இந்த இரண்டு அடுக்கே போதும்.

மூன்றாவது அடுக்கு: முன்பக்கம் பொத்தானோ ஜிப்போ வைத்த மெல்லிய ஸ்வெட்டர். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டாம். அதைக் கழற்றுவதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும். அம்மாவும் “சரி, இருக்கட்டும்” என்று விட்டுவிடுவார். கழற்றச் சுலபமாக இருந்தால்தான் நேரத்துக்குக் கழற்றுவோம்.

கம்பளியை நேராகத் தோலின் மேல் போடாதீர்கள். அரிக்கும், சிவந்து தடிக்கும். ஏற்கெனவே கரப்பான் உள்ள குழந்தை சொறிந்தே புண்ணாக்கிக்கொள்ளும். ஒரு வருடம் பெட்டியில் கிடந்த ஸ்வெட்டரைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே போடுங்கள். அந்துருண்டை வாசனை அடிக்கும் துணியைக் குழந்தைக்கு அப்படியே மாட்டவே கூடாது. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

எத்தனை அடுக்கு என்று குழப்பமா? ஒரு சுலபக் கணக்கு. அந்த இடத்தில், அந்த நேரத்தில் உங்களுக்கு இதமாக இருக்க எத்தனை துணி வேண்டுமோ, கைக்குழந்தைக்கு அதற்கு மேல் ஒன்று. ஓடி விளையாடும் பிள்ளைக்கு உங்களுக்கு உள்ளதே போதும். ஓட்டமே அவனுக்கு ஒரு சட்டை!

ஈரம்தான் முதல் எதிரி

குளிரைவிடக் குழந்தையை வாட்டுவது ஈரம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்வெட்டராக இருந்தாலும், உள்ளே பனியன் நனைந்திருந்தால் அது குளிர்பெட்டிதான்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? சிறுநீரில் நனைந்த துணி அல்லது நிறைந்துபோன டயபர். வாயிலிருந்து வழிந்து மார்பை நனைக்கும் எச்சில். சரியாகத் துவட்டாத தலை. எல்லாவற்றையும்விட அதிகம், அளவுக்கு மீறிப் போர்த்தியதால் வந்த வேர்வை!

“ஏனுங்க டாக்டர், ஸ்வெட்டரைக் கழட்டறதே இல்லீங்க, அப்புறமும் குழந்தை ராத்திரியெல்லாம் சிணுங்குதுங்க” என்று தாய்மார்கள் சொல்வார்கள். ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பார்த்தால் முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். கழுத்து மடிப்பில் வேர்க்குரு, அக்குளில் சிவப்பு. மார்கழியில் வேர்க்குரு! அங்கே தேவைப்படுவது மருந்தில்லை. உலர்ந்த ஒரு பருத்திச் சட்டை, அவ்வளவுதான்.

அதனால் குழந்தையோடு வெளியே கிளம்பும்போது பையில் இரண்டாவது ஸ்வெட்டருக்குப் பதிலாக இரண்டு மாற்றுப் பனியன், ஒரு கால்சட்டை, ஒரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையைத் தொடாதீர்கள், கழுத்தைத் தொடுங்கள்

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று பார்க்க நாம் தொடுவது விரலையும் பாதத்தையும்தான். அவை பல நேரம் சில்லென்றுதான் இருக்கும். உடம்பு தன் சூட்டை நடுப்பகுதியில் சேமிக்கும்போது கைகால் கொஞ்சம் குளிர்வது இயற்கை. அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு போர்வையைச் சுற்றுகிறோம்.

சரியான இடம் பின்கழுத்தும் மார்பும். உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையின் சட்டைக் காலருக்குள் பின்கழுத்தில் வையுங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்திருந்தால் உடுப்பு சரி. பிசுபிசுப்பாக, சூடாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். சில்லென்றிருந்தால் ஒரு அடுக்கைக் கூட்டுங்கள். வெளியே இருக்கும்வரை அரை மணிக்கு ஒரு தடவை இப்படிப் பாருங்கள். செலவில்லாத தெர்மாமீட்டர் இது.

பிறந்து ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வயிற்றையும் பாதத்தையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால், குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்துச் சூடேற்ற வேண்டும். வயிறும் பாதமும் இரண்டுமே சில்லென்றிருந்தால் அது அபாயம்.

மங்கி குல்லாவும் காதுப் பஞ்சும்

பனிக்காற்றில் வெளியே போகும்போது தலையையும் காதையும் மூடுவது நல்லதுதான். தலையின் பரப்பு பெரிது என்று பார்த்தோமே! ஆனால் அதற்குப் பருத்திக் குல்லா அல்லது மெல்லிய பின்னல் குல்லா போதும். முகத்தை இறுக்கி, வாயில் எச்சில் பட்டு ஈரமாகி நிற்கும் கம்பளிக் குல்லா வேண்டாம். தாடைக்குக் கீழே முடிச்சுப் போடும் நீளமான நாடாவும் வேண்டாம். தூளியிலோ சறுக்குமரத்திலோ மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும்.

காதில் பஞ்சு? “காது வழியாப் பனி இறங்கிடும்” என்பது காலங்காலமாகச் சொல்வது. காதுக்குள் செவிப்பறை இருக்கிறது. அதைத் தாண்டிப் பனி போகாது. சளிக் காலத்தில் குழந்தைக்குக் காதுவலி வருவது பெரும்பாலும் மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாக. பஞ்சு வைப்பதால் அது தடைபடாது. மாறாக, சின்ன விரல்கள் பஞ்சை உள்ளே தள்ளிவிடும். அல்லது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். காது மடலைக் குல்லா மூடினால் போதும்.

பைக்கில் போகிறீர்களா?

தெருவில் நிற்கும்போது இதமாக இருக்கும் உடுப்பு, பைக்கில் போகும்போது போதாது. உடம்பைச் சுற்றி நிற்கும் சூடான காற்றை எதிர்க்காற்று நொடிக்கு நொடி துடைத்துக்கொண்டு போகிறது. அதிலும் பெட்ரோல் டேங்க் மேல் முன்னால் உட்காரும் பிள்ளைதான், அப்பாவுக்கே காற்றுத் தடுப்பாக இருக்கிறது!

விடியற்காலையிலும் ராத்திரியிலும் பிஞ்சுக் குழந்தையைப் பைக்கில் கூட்டிப்போவதைத் தவிர்ப்பதே முதல் யோசனை. பஸ்ஸோ ஆட்டோவோ மேல். தவிர்க்க முடியாதபோது பிள்ளையை முன்னால் உட்கார வைக்காதீர்கள். ஸ்வெட்டருக்கு மேல், காற்று நுழையாத மெல்லிய ஜெர்கின் ஒன்று போடுங்கள். கம்பளி சூட்டைக் காக்கும். ஆனால் அதன் கண்ணிகள் வழியாகக் காற்று நுழைந்துவிடும். காற்றைத் தடுக்க நெருக்கமாக நெய்த துணி வேண்டும். முழங்காலும் பாதமும் மூடியிருக்கட்டும்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியவற்றை மத்திய அரசு 2022-ல் விதியாக அறிவித்தது. தடித்த மங்கி குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் சரியாகப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மாவின் முந்தானையையோ துப்பட்டாவையோ குழந்தையைச் சுற்றிப் போர்த்தித் தொங்கவிடுவது கூடவே கூடாது. சக்கரத்தில் சிக்கினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏற்காடு போகிற அன்று

அரையாண்டு விடுமுறை வந்தால் சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு, நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அதாவது அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறக்குறைய எட்டு டிகிரி வித்தியாசம். கீழே விடியலில் 19 என்றால் மேலே 11! மூடுபனியும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும்.

இங்கே பல குடும்பங்கள் செய்வது என்ன? வீட்டிலேயே குழந்தைக்கு எல்லாக் கம்பளியையும் மாட்டிவிடுகிறார்கள். ஜன்னல் மூடிய காரில் அது வேர்த்து வழிகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு திரும்பி ஏரிக்கரையில் இறங்கும்போது, நனைந்த பனியன் மேல் மலைக்காற்று பளீரென்று அடிக்கிறது. மறுநாள், “மலைக்குப் போனோம், ஒத்துக்கலீங்க” என்கிறார்கள்.

இப்படிச் செய்யுங்கள். பருத்தி இரண்டடுக்கோடு கிளம்புங்கள். ஸ்வெட்டர், குல்லா, காலுறை கையில் எடுக்கும்படி மேலேயே இருக்கட்டும். மலையில் இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பனியனை மாற்றி, பிறகு ஸ்வெட்டர் போடுங்கள். இங்கே மூன்றாவது அடுக்கு கொஞ்சம் கனமாகவே இருக்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் கைக்குழந்தையோடு படகு, பார்க் என்று சுற்ற வேண்டாம். வளைவுகளில் வாந்தி எடுத்துச் சட்டை நனைவது சகஜம். கொல்லிமலைப் பாதையில் எழுபது வளைவு! அதனால் மாற்றுத்துணி இரண்டு செட்டாக இருக்கட்டும்.

ஸ்கூல் வேன், கோயில், போகி

காலை ஏழரைக்கு வேன் ஏறும் எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஸ்வெட்டர் சரிதான். ஆனால் சாயங்காலம் நான்கு மணி வெயிலிலும் அதே ஸ்வெட்டரோடு அது இறங்குகிறதே! கிளாஸில் கழற்றி மடித்துப் பையில் வைக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள். டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மார்கழி பஜனைக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் அதிகாலையில் குழந்தைகளைக் கூட்டிப்போவது நம் வழக்கம். தலைக்குக் குளித்தால் தலை நன்றாக உலர்ந்த பிறகே கூட்டிப்போங்கள். சபரிமலைக்கு மாலை போட்ட குட்டிச் சாமிகளுக்கும் வெந்நீர்க் குளியலால் விரதம் கெட்டுவிடாது. பம்பையில் குளித்ததும் ஈர வேட்டியோடு நிற்க வைக்காமல், உடனே துவட்டி உலர்ந்த கறுப்பு வேட்டி கட்டிவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் குடும்பங்கள், விடியற்காலை நடைக்குப் பிள்ளைகளுக்கு அடுக்குச் சட்டையும், வெயில் ஏறியதும் கழற்றிப் போட ஒரு பையும் வைத்துக்கொள்ளட்டும்.

போகி அன்று பனிக்கு இதமாகத் தீயைச் சுற்றி நிற்பார்கள். நைலான், பாலியெஸ்டர் ஸ்வெட்டரும் பஞ்சு மாதிரி புசுபுசுவென்ற சட்டையும் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அன்று பிள்ளைகளுக்கு உடம்பை ஒட்டிய பருத்திச் சட்டையே போடுங்கள். தீயிலிருந்து தள்ளி நிற்கட்டும். புகை பச்சைக் குழந்தைக்கு ஆகாது. அது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டுக்குள் வந்ததும்...

வெளியிலிருந்து வந்தவுடன் குல்லாவையும் ஸ்வெட்டரையும் கழற்றிவிடுங்கள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும்! எழுந்துவிடுமே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை அதிகச் சூட்டில் தூங்குவது, தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் அபாயத்தைக் கூட்டுகிறது. தளர்வான கம்பளியும் ரஜாயும் முகத்தின் மேல் ஏறிவிட்டால் அதற்குத் தள்ளிவிடத் தெரியாது. தூளியில் ஏற்கெனவே சுற்றிலும் துணி இருக்கிறது. அதற்குள் இன்னொரு கம்பளி வேண்டாம்.

துணியில் சுற்றும்போது கால்களை நேராக நீட்டி இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தி வளர, கால்கள் தவளைக்கால் போல மடங்கி விரியத் தாராளமாக இடம் வேண்டும். நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே உங்கள் விரல்கள் நுழைய வேண்டும்.

எடை குறைந்த குழந்தையா? அம்மாவே போர்வை!

இதுவரை சொன்னது ஆரோக்கியமான குழந்தைகளுக்கு. குறைமாதத்திலோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குக் குளிர் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பால் குடிப்பது குறையும். சர்க்கரை அளவு தாழும். மூச்சும் திணறும்.

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே என்பவர் ஒரு வழி கண்டார். டயபரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் கட்டினார். கங்காரு தன் குட்டியை வைத்திருப்பது போல! இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படி அணைத்து வைத்தபோது, முதல் 28 நாளில் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எந்தக் கம்பளியும் செய்யாத வேலை இது. அம்மா களைத்துப்போனால் அப்பாவோ பாட்டியோ மார்போடு அணைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குழந்தைகளுக்குக் குல்லாவும் காலுறையும் எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொன்னபடி கேளுங்கள். எந்தக் குழந்தைக்கும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டாம். பனிக்காலத்தில் பச்சைக் குழந்தையை வெளியே தூக்கிப்போக அவசியம் இருந்தால் காலை பத்து மணிக்கு மேல், மாலை நான்கு மணிக்குள் போய் வாருங்கள்.

காய்ச்சலுக்குக் கம்பளியா?

கூடாது! காய்ச்சல் அடிக்கும் குழந்தையைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தினால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். குளிர் நடுக்கம் இருக்கும்போது மட்டும் ஒரு மெல்லிய போர்வை போர்த்துங்கள். நடுக்கம் நின்றதும் எடுத்துவிட்டு, ஒற்றைப் பருத்திச் சட்டையோடு விடுங்கள்.

மருந்து வாசனை பிடித்தவன் என்பதால் இன்னும் சில வார்த்தைகள். பனிக்காலத்தில் ஐயம் மிகுந்து சளி கட்டும் என்பது எங்கள் மருத்துவம் சொல்வது. சளியைப் பரப்புவது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வைரஸ் என்பதையும் இன்று அறிவோம். ஸ்வெட்டர் குளிரைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. இருமுகிறவர்களிடம் குழந்தையைக் கொடுக்காமல் இருப்பதும், கை கழுவிவிட்டுத் தூக்குவதும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதும்தான் தடுப்பு. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என அரசு இலவசமாகப் போடும் நிமோனியா தடுப்பூசி இருக்கிறது. 2021-ல் இது நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. அதைத் தவற விடாதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு வயதுக்குள் கற்பூரம் வேண்டவே வேண்டாம். தவறி வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். சாம்பிராணிப் புகையைக் குழந்தை முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்கக் கூடாது. நம் மூலிகைகள் நல்லவைதான். ஆனால் பச்சைக் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதைப் படித்த மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்:

* பால் குடிக்க மறுப்பது, அழுகை ஈனமாவது, துவண்டு கிடப்பது.
* வயிறும் பாதமும் சில்லென்றிருப்பது. உதடு, நாக்கு நீலம் பாய்வது.
* மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது.
* ஒரு நிமிடத்தில் எண்ணினால் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 மூச்சு அல்லது அதற்கு மேல் இருப்பது.
* இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் 108-ஐக் கூப்பிடலாம். பச்சைக் குழந்தையானால் போகும் வழியில் அம்மாவின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்திக்கொண்டு செல்லுங்கள்.

மற்றபடி பனியைப் பார்த்துப் பயந்து குழந்தையை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் தக்க உடுப்போடு குழந்தைகளை வண்டியில் படுக்கவைத்து, குளிர்காலத்திலும் வெளியே பகல்தூக்கம் போடவிடுகிறார்கள். நம் ஊர் மார்கழி வெயிலோ, எட்டரை மணிக்கே தங்கமாக வந்து நிற்கிறது. உள்ளே உலர்ந்த பருத்தி, மேலே கழற்றத் தோதான ஒரு ஸ்வெட்டர், பையில் மாற்றுத்துணி, அடிக்கடி பின்கழுத்தில் உங்கள் கை. இவ்வளவும் இருந்தால் வாசலுக்குத் தூக்கி வந்து கோலத்தைக் காட்டுங்கள். குழந்தையும் சிரிக்கும், நீங்களும் சிரிப்பீர்கள்!